அழகர் வேடம்

அழகர் வேடம் என்பது மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு நேர்ந்துகொண்ட அடியார்கள் அணியும் விழா உடையையும், அதனுடன் சேர்ந்த அணிகளையும் கருவிகளையும் குறிக்கும். மக்கள் வழக்கில் இது "வேசம் கட்டுதல்" எனப்படும். உருமால், மேற்சட்டை, கச்சை, சல்லடம், சலங்கை ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள். அழகர் மீது தண்ணீர் பீய்ச்சுவோர் இவற்றுடன் ஆட்டுத்தோலால் ஆன துருத்தி ஒன்றையும் தோளில் சுமப்பர். மதுரை நகரிலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் இவ்வுடையைத் தையற்காரரிடம் கொடுத்துத் தைப்பது வழக்கம். எனினும் இதன் பெரும்பகுதி, தையல் பழகாத ஒருவர் வீட்டிலேயே குறைந்த செலவில் செய்துகொள்ளக்கூடியதே. இக்கட்டுரை வேடத்தின் பின்னணியையும் அதனை வீட்டில் செய்யும் முறையையும் விளக்குகிறது.

பின்னணி

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கி.மீ. தொலைவில் உள்ள அழகர்கோயிலில் இருந்து சுந்தரராசப் பெருமாள், சித்திரை முழுநிலவுக்கு இரண்டு நாள் முன்னதாக மதுரைக்குப் புறப்படுகிறார். புறப்படும்போது அவரும் வேடம் புனைந்தே வருகிறார் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. கண்டாங்கி உடுத்து, கொண்டையிட்டு, காதில் கடுக்கன் பூண்டு, வளைதடியும் சாட்டையும் ஏந்திய கள்ளர் கோலம் அது. "கள்ளழகர்" என்னும் பெயர் இக்கோலத்துடன் இணைத்தே பேசப்படுகிறது. பதினெட்டாம்படிக் கருப்பசாமி சந்நிதியில் விடைபெற்று, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி வழியாக மூன்றுமாவடியை அடையும்போது நகர மக்கள் அவரை எதிர்கொண்டு அழைக்கின்றனர். இது எதிர்சேவை எனப்படும். மறுநாள், சித்திரைப் பௌர்ணமியன்று, தங்கக் குதிரை வாகனத்தில் வைகை ஆற்றில் இறங்குகிறார். அன்று நண்பகல் இராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி நடைபெறும். வேடமிட்ட அடியார்கள் தண்ணீர் பீய்ச்சுவது உச்சம் பெறும் இடம் இதுவே.

மீனாட்சி திருக்கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் முன்பு வெவ்வேறு மாதங்களில் நடந்தன என்றும், திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623-1659) அவற்றைச் சித்திரை மாதத்தில் ஒன்றிணைத்தார் என்றும் பரவலாகக் கூறப்படுகிறது. பேராசிரியர் தொ. பரமசிவன் எழுதி 1989 இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட "அழகர் கோயில்" என்னும் ஆய்வு நூல், இக்கோயிலுக்கும் நாட்டுப்புற மக்களுக்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்தது. திரியெடுத்து ஆடுவோர், சாட்டையடித்து ஆடுவோர், துருத்தி நீர் தெளிப்போர் ஆகியோரைக் கோயில் ஆய்வின் மையத்துக்குக் கொண்டுவந்த நூல் என்ற வகையில் இது முக்கியமானது.

வைகைக் கரையில் உள்ள பரமக்குடியிலும் மானாமதுரையிலும் இதே காலத்தில் அழகர் ஆற்றில் இறங்கும் விழா நடைபெறுகிறது.

வேட வகைகள்

நேர்த்திக்கடனின் தன்மையைப் பொறுத்து வேடம் மாறும். தண்ணீர் பீய்ச்சுவோர் பளபளப்பான வண்ண உடையும் மயிற்பீலி செருகிய உருமாலும் அணிவர். பார்ப்பவருக்கு இது கண்ணன் வேடத்தை நினைவூட்டும். திரியெடுப்போர் துணியை இறுகச் சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தத்தை ஏந்தி ஆடுவர். சிலர் கருப்பசாமி வேடமிட்டு, முறுக்கு மீசையும் கையில் அரிவாளுமாக வருவர். சிறுவர்களுக்கு வேடமிட்டுப் பெற்றோர் தோளில் சுமந்து வருவதும் உண்டு.

வேடமிடுவோர் விரதம் இருந்து, கையில் மஞ்சள் தோய்த்த நூற்காப்புக் கட்டிக்கொள்வர். விரத நாள்களின் எண்ணிக்கை ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். ஆகவே முதன்முறையாக வேடமிடுபவர், துணி வாங்கும் முன்னரே வீட்டுப் பெரியவர்களிடமோ தம் ஊரில் பல ஆண்டுகள் வேடமிட்டவரிடமோ கேட்டறிதல் வேண்டும். நிறம், காப்பு, உணவு முதலியவை பற்றிய முறைகளை எந்தக் கட்டுரையாலும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

வீட்டில் செய்வதற்கான அடிப்படை

புதிதாகச் செய்வோர் பலரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். பள்ளி ஆண்டுவிழாவுக்குச் செய்வது போல அட்டையை வெட்டி, ஜிகினாத் தாளைப் பசையால் ஒட்டி வேடத்தை முடித்துவிடுகின்றனர். மேடை வேடத்துக்கு அது போதும். அழகர் வேடமோ நனைவதற்கென்றே அணியப்படுவது. பீய்ச்சுபவர் மீதே அவர் பீய்ச்சும் நீரில் பாதி விழும். மீதியை அருகில் நிற்பவர் பார்த்துக்கொள்வார். அட்டை ஊறித் தொங்கும், பசை விடும், தாளின் சாயம் முகத்தில் வழியும். எனவே இவ்வேடத்தில் எதையும் ஒட்டக்கூடாது, தைக்க வேண்டும் என்பதே முதல் விதி. தையல் எந்திரம் கட்டாயம் இல்லை. ஓட்டுத்தையல், பின்தையல், விளிம்புத்தையல் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். பின்தையல் மெதுவாக நடக்கும். ஆனால் ஆடும்போது பிரியாது. கால் இணைப்பு, இடுப்பு ஆகிய இடங்களில் அதனையே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, வெயில். சித்திரையில் மதுரையின் பகல் வெப்பநிலை 40 பாகை செல்சியசை ஒட்டிச் செல்லும். வெல்வெட்டு துணி வெயிலில் சுடும், நனைந்தால் கனக்கும், நனைந்த நிலையில் தோலை உராயும். உள்ளே பருத்தித் துணியால் உட்புறம் கொடுத்துத் தைத்தால் இந்த மூன்றும் பெருமளவு குறையும். இதற்குப் புதுத்துணி வாங்க வேண்டியதில்லை. பலமுறை வெளுத்து மென்மையான பழைய சுங்குடிச் சேலை மிகவும் ஏற்றது. சுங்குடி, மதுரையில் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றி உருவாக்கப்படும், புவிசார் குறியீடு பெற்ற பருத்தித் துணியாகும். பெரும்பாலான வீடுகளில் ஒன்றேனும் கிழிந்த நிலையில் கிடக்கும்.

மூன்றாவது, சாயம். மலிவான சிவப்பு, கருநீல வெல்வெட்டுகள் முதல் நனைவில் சாயம் விடும். வெட்டுவதற்கு முன் துணியை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, நீர் ஏறக்குறையத் தெளியும் வரை இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்த வேண்டும். துணி சுருங்குவதாக இருந்தாலும் இப்போதே சுருங்கிவிடும். தைத்து முடித்தபின் சுருங்கினால் சல்லடம் முழங்காலுக்கு மேல் ஏறிக்கொள்ளும்.

சல்லடம்

சல்லடம் என்பது இடுப்பில் இருந்து முழங்கால் அல்லது அதற்குச் சற்றுக் கீழ் வரை வரும் தொளதொளப்பான குறுங்காற்சட்டை ஆகும். வேடத்தில் பார்வைக்குக் கடினமாகத் தோன்றுவதும் செய்வதற்கு எளிதாக இருப்பதும் இதுவே.

தாளில் படம் வரைந்து அளவு குறிக்கத் தெரியாதவர், அணிபவருடைய பழைய பைஜாமா ஒன்றை அளவாகக் கொள்ளலாம். பைஜாமாவை ஒரு காலின் மேல் மறு கால் பொருந்துமாறு நீளவாக்கில் மடித்து, இரண்டாக மடித்த வெல்வெட்டின் மீது பரப்ப வேண்டும். பைஜாமாவின் வெளிப்பக்க ஓரம் வெல்வெட்டின் மடிப்போடு பொருந்தியிருக்க வேண்டும். பைஜாமாவைச் சுற்றிலும் 5 செ.மீ. தள்ளிச் சுண்ணக்கட்டியால் கோடு இட்டு, தேவையான நீளத்துக்கு வெட்டினால் ஒரு காலுக்கான துண்டு கிடைக்கும். அதே போல் மற்றொன்று. இடுப்புப் பக்கம் மட்டும் நாடா நுழைக்க மேலும் 4 செ.மீ. விட வேண்டும். நடுத்தர உடல்வாகு கொண்ட ஒருவருக்கு, 112 செ.மீ. அகலமுள்ள துணியில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் போதும். 8 வயதுச் சிறுவனுக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே ஆகும். ஆயினும் அணிபவரை அளந்து பார்த்தே வாங்குவது நல்லது.

வெல்வெட்டை வெட்டும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அதனைக் கையால் தடவினால் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் சொரசொரப்பாகவும் இருக்கும். இரண்டு துண்டுகளையும் ஒரே திசையில் வைத்து வெட்டாவிட்டால், வெயிலில் நிற்கும்போது ஒரு கால் வெளிறியும் மறு கால் கருத்தும் தெரியும். துணியின் முகப்பில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவும் கூடாது. அழுந்திய இழை மீண்டும் எழாது.

ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் மடித்து உள்கால் பக்கத்தைத் தைத்தால் இரண்டு குழாய்கள் கிடைக்கும். ஒன்றைத் திருப்பி மற்றொன்றின் உள்ளே நுழைத்து, வளைந்த ஓரங்களைப் பொருத்தி ஒரே தையலாக முன்னிருந்து பின்வரை தைத்தால் கால்கள் இணைந்துவிடும். இந்த வளைவில் இருமுறை பின்தையல் இட வேண்டும். கூட்டத்தில் கிழியும் இடம் எப்போதும் இதுவே. இடுப்பில் எலாஸ்டிக் வைப்பதைவிடக் கயிற்று நாடா நல்லது. நனைந்து கனத்த வெல்வெட்டை எலாஸ்டிக் தாங்குவதில்லை.

கால் விளிம்பில் சுருக்கு வைத்த பட்டி தைப்பது வழக்கம். விளிம்பின் சுற்றளவைப் போல் இரு மடங்கு நீளமுள்ள, 12 செ.மீ. அகலமுள்ள சாட்டின் துண்டை எடுத்து, அதன் ஓரத்தில் நீண்ட ஓட்டுத்தையல் இட்டு நூலை இழுத்தால் துணி சுருங்கும். அதை விளிம்பில் வைத்துத் தைத்து, தையலை மறைக்கப் பழைய பட்டுச் சேலையின் சரிகைக் கரையை மேலே ஓட்டித் தைக்கலாம். கடையில் வாங்கும் மெல்லிய சரிகைப் பட்டையைவிட இது உறுதியானது. பெரும்பாலும் செலவும் இல்லை.

மேற்சட்டையும் கச்சையும்

மேற்சட்டைக்குக் கை வைத்துத் தைக்க முயல்வது தொடக்கநிலையாளருக்கு வீண் வேலை. கையில்லாத பனியன் ஒன்றின் அளவில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வெட்டி, தோளிலும் பக்கங்களிலும் இணைத்து, முன்புறம் திறந்து நாடா கட்டினால் போதும். சம்கிகளை ஒவ்வொன்றாகத் தைப்பதற்கு ஒரு வாரம் ஆகும். சம்கிகள் கோத்த சரம் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதனை வளைத்து வளைத்துத் தைத்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். சரத்தின் இரு முனைகளையும் முடிச்சிட மறந்தால், தீர்த்தவாரி முடிவதற்குள் சம்கிகள் அனைத்தும் வைகைக்குப் போய்விடும்.

கச்சை என்பது இடுப்பில் இறுகச் சுற்றும் துணி. தைக்க வேண்டியது ஏதுமில்லை. மூன்று மீட்டர் நீளமுள்ள பருத்தித் துணியை நான்காக மடித்துச் சுற்றினால் துருத்தியின் எடையை இடுப்பு தாங்குவதற்கும் உதவும்.

சலங்கை தயாராகவும் கிடைக்கும். செலவைக் குறைக்க விரும்புவோர் மணிகளை உதிரியாக வாங்கி, இரண்டு விரல் அகலமுள்ள, நான்கு மடிப்புக் காடாத்துணிப் பட்டையில் தைத்துக்கொள்ளலாம். மணி ஒவ்வொன்றையும் தனித்தனி முடிச்சில் தைக்க வேண்டும். ஒரே நூலில் கோத்தால் ஒன்று அறும்போது எல்லாம் உதிரும். தெருவில் உதிர்ந்த பித்தளை மணி, பின்னால் வெறுங்காலுடன் வருபவரின் பாதத்துக்குக் கேடு.

உருமால்

உருமால் என்பது தலைப்பாகை போன்ற தலையணி. இதன் உள்வளையம் வடிவத்தைத் தாங்க வேண்டும், ஆனால் ஊறக்கூடாது. பழைய துணிகளை இறுக முறுக்கிச் சும்மாடு போல வளையமாக்கி, வெல்வெட்டால் உறையிட்டுத் தைப்பதே எளிய வழி. இது தலையின் அளவுக்கு இயல்பாகப் படியும், வியர்வையையும் உறிஞ்சும். வளையத்தின் நடுவில் வட்டமாக வெட்டிய துணியைச் சுருக்கி இணைத்தால் தொப்பியாகிவிடும். மோவாயில் கட்ட இரண்டு நாடாக்கள் இன்றியமையாதவை. நெரிசலில் தலையில் இருந்து விழுந்த உருமாலைக் குனிந்து எடுக்க முயல்வது மிகவும் ஆபத்தானது.

மயிற்பீலியைப் பொறுத்தவரை, 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மயிலைக் கொல்வது கடுங்குற்றம். இயல்பாக உதிர்ந்த தோகை இறகுகளை நாட்டுக்குள் வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் விலக்கு உள்ளது. மதுரையைச் சுற்றிய வயல்காடுகளிலும் குன்றுகளிலும் மயில்கள் இறகு உதிர்ப்பதால், ஊர்ப்புறத்தில் உறவினர் உள்ளோர் விலை கொடுக்காமலே பெறலாம். பீலியின் காம்பை உறைக்குள் ஒரு சாண் ஆழம் செருகி மூன்று இடங்களில் கட்ட வேண்டும்.

கருப்பசாமி வேடத்துக்கான அரிவாள்

நெரிசலான விழாவில் உண்மையான அரிவாளைக் கொண்டு செல்வதைத் தவிர்க்க வேண்டும். குழந்தை கையில் கொடுப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். பொருள்கள் அடைத்து வரும் நெளிவட்டைப் பெட்டியில் இருந்து ஒரே வடிவில் மூன்று துண்டுகளை வெட்ட வேண்டும். நடுத்துண்டின் நெளிவுகள் மற்ற இரண்டுக்கும் குறுக்காகச் செல்லுமாறு அமைத்து, மர வேலைக்குரிய வெள்ளைப் பசையால் ஒட்டி, மேலே கனமான நூல்களை அடுக்கி ஓரிரவு அழுத்த வேண்டும். குறுக்கு அடுக்கினால் வளையாத உறுதி கிடைக்கிறது. ஒட்டுப்பலகை செய்யப்படுவதும் இதே கோட்பாட்டில்தான். ஒட்டக்கூடாது என்னும் விதிக்கு இது ஒன்றே விலக்கு என்பதால், வெள்ளி நிற எண்ணெய்ப் பூச்சை ஓரங்கள் உட்பட இருமுறை பூசி நீர் புகாமல் அடைக்க வேண்டும். முனையை மழுங்கலாக வெட்டுவது நல்லது.

தீப்பந்தம் செய்யும் முறை இங்குத் தரப்படவில்லை. அதனை அனுபவமுள்ள ஒருவருடன் சேர்ந்தே பழக வேண்டும். ஆயினும் திரியெடுப்போர் உடை பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. சாட்டின், பாலியெசுட்டர் வெல்வெட்டு, பிளாத்திக்குச் சம்கி ஆகியவை தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். திரியெடுப்பவரும் அவருக்கு அருகில் ஆடுபவரும் பருத்தி உடையே அணிய வேண்டும்.

துருத்தி

துருத்தி அல்லது தோப்பரை என்பது முழுதாக உரித்த ஆட்டுத்தோலைப் பதப்படுத்திச் செய்யப்படும் நீர்ப்பை. கால்பகுதித் துளைகளைக் கட்டி அடைத்து, ஒரு முனையில் மெல்லிய குழல் பொருத்தப்படும். நீரை நிரப்பித் தோளில் மாட்டி, அக்குளுக்கும் விலாவுக்கும் இடையே வைத்து முழங்கையால் அழுத்தினால் குழல் வழியே நீர் பீய்ச்சும். வேடத்தில் வீட்டில் செய்ய முடியாத உறுப்பு இது ஒன்றே. தோல் பதனிடுதல் நாற்றமும் நச்சும் கலந்த தொழில். பழகியவரிடம் வாங்குவதே முறை.

வாங்கிய பின்னர் அதனைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது நம் கையில் உள்ளது. காய்ந்த துருத்தியை உடனே மடக்கினால் மடிப்பில் வெடிக்கும். முதலில் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து இளக்க வேண்டும். பிறகு நீர் நிரப்பித் தொங்கவிட்டு எங்கே கசிகிறது என்று பார்க்கலாம். கட்டுகளில் கசிந்தால் மெழுகு தேய்த்த சணல் நூலால் மீண்டும் இறுக்கிக் கட்ட வேண்டும். தோலிலேயே சிறு துளை இருந்தால், உட்புறம் ஒரு கூழாங்கல்லை வைத்து, வெளியே தோலோடு சேர்த்து நூலால் கழுத்துப் போலக் கட்டிவிட்டால் நிற்கும். திருவிழா முடிந்ததும் நீரை முற்றிலும் வடித்து, நிழலில் பாதி உலர்ந்த நிலையில் விளக்கெண்ணெய் தடவி, உள்ளே காற்றூதித் தொங்கவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் உதவும். வெயிலில் உலர்த்திய துருத்தி பலகையாகிவிடும்.

நிரப்பும் நீரின் எடையை முன்கூட்டியே எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஐந்து லிட்டர் துருத்தியுடன் எதிர்சேவைக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் நிற்பது இளைஞருக்கும் எளிதன்று. பாதியளவு நிரப்பி இரு முறை நிரப்புவது மேல். நீர் தூய குடிநீராக இருக்க வேண்டும். அது பட்டர்கள், வாகனம் சுமப்போர், குழந்தைகள் ஆகியோரின் முகத்திலும் கண்ணிலும் விழும்.

தோல்பை விலை மிகுந்ததாலும் எளிதில் கிடைக்காததாலும், அண்மை ஆண்டுகளில் பலர் பிளாத்திக்குக் குடுவைகளுக்கும், பின்னர்ப் பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் உயர் அழுத்த எக்கிகளுக்கும் மாறினர். செலவைக் குறைக்கும் வழிகளில் இது மட்டும் ஏற்கத்தக்கதன்று. காரணத்தை எளிய கணக்கால் காணலாம். குழலில் இருந்து நீர் 3 மீட்டர் உயரம் எழ வேண்டுமானால் அதற்குத் தேவையான அழுத்தம் 3 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தமே. இது வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் மூன்று பங்கு. குழலில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் சற்றுக் கூடும். மனிதனின் முழங்கை இதனைத் தரும். ஆனால் இதற்கு மேல் அதிகம் தர இயலாது. ஆகவே தோல்பை தானாகவே வரம்புக்கு உட்பட்ட கருவி. விசையால் இயங்கும் தெளிப்பான்களோ வளிமண்டல அழுத்தத்தைப் போல இருபது, முப்பது மடங்கு வரை செல்லக்கூடியவை. அந்த நீர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. திருமேனியும் வாகனமும் அதையே நேருக்கு நேர் வாங்குகின்றன.

2024 ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு முன்னர் இது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காக வந்தது. உயர் அழுத்த எக்கிகளையும் வேதிப்பொருள் கலந்த நீரையும் தவிர்த்து, மரபான தோல்பையையே பயன்படுத்த வேண்டும் என்பது அப்போது வலியுறுத்தப்பட்டது. தண்ணீர் பீய்ச்சும் இடம், முறை பற்றி மாவட்ட நிருவாகம் வெளியிடும் அறிவிப்புகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், வேடமிடுவோர் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. இக்கட்டுப்பாடு ஒரு சிக்கலையும் உடன் கொண்டுவந்தது. எக்கியைத் தடுப்பது எளிது. தோல்பை வாங்க இயலாதவர் என்ன செய்வார் என்பது விடை காணப்படாமல் உள்ளது. ஒரு தெருவினர் அல்லது ஒரு குடும்பத்துப் பங்காளிகள் சேர்ந்து ஒரே துருத்தியை வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாம். நல்ல பராமரிப்பில் துருத்தி பல ஆண்டுகள் உழைக்கும் என்பதால் இது செலவிலும் ஏற்றதே.

சர்க்கரைச் செம்பு

வேடமிட இயலாதோரும் எளிதில் செய்யக்கூடியது சர்க்கரைச் செம்பு. செம்பு நிறைய நாட்டுச் சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடிக் கட்டி, மேலே சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுவர். பின்னர் அச்சர்க்கரை அருகில் இருப்பவர்க்கெல்லாம் பகிரப்படும். இலையை அனலில் லேசாக வாட்டினால் கட்டும்போது கிழியாது. சூடத்தை நேரே இலைமேல் வைக்காமல் வெற்றிலை ஒன்றின் மீது வைத்தால், இலை எரிந்து சர்க்கரை கருகுவது குறையும். செம்பு சுடும் என்பதால் ஈரத்துணியால் அடியைப் பிடிப்பர்.

மண்டகப்படித் தோரணம்

அழகர் வரும் வழி நெடுகிலும் மண்டகப்படிகள் அமைக்கப்படுகின்றன. பெரிய மண்டபங்களுக்குப் பந்தல்காரர் உண்டு. தெருமுனையில் தண்ணீர்ப்பந்தல் வைப்போர் தாமே தோரணம் கட்டிக்கொள்கின்றனர். தென்னங்குருத்தோலையை நடுநரம்பு நீக்கிக் கிழித்து, மடித்துக் கிளி, கூடை, பாம்பு முதலிய உருவங்களைச் செய்வது பெரியவர்களிடம் நேரில் பார்த்தே கற்க வேண்டிய கலை. எழுத்தில் சொன்னால் குழப்பமே மிஞ்சும். தொடக்கநிலையாளர் செய்யக்கூடியது இது: ஓலையைக் கணுவளவு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் நடுவில் கீறி, ஒரு முனையை அக்கீறலில் நுழைத்து இழுத்தால் மடல் போன்ற உருவம் கிடைக்கும். இவற்றையும் மாவிலைகளையும் மாற்றி மாற்றிச் சணல் கயிற்றில் செருகினால் தோரணம் ஆயிற்று. முதல்நாளே கட்டுவதாயின் இரவில் ஈரச்சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். குருத்தோலை வெயில் பட்ட சில மணி நேரத்தில் சுருளத் தொடங்கும். சுருண்டாலும் மட்கிப் போவது அதன் நற்குணம். பிளாத்திக்குத் தோரணங்களோ திருவிழாவுக்குப் பின் வைகை மணலில் மாதக்கணக்கில் கிடக்கின்றன.

புதுமண்டபத் தையற்காரர்கள்

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம், நெடுங்காலம் தையற்காரர்களுக்கும் பாத்திரம், வளையல், புத்தகம் முதலியவற்றை விற்போருக்கும் இடமாக இருந்தது. கல் தூண்களுக்கு இடையே தையல் எந்திரங்கள் ஓடும் காட்சி மதுரையின் அடையாளங்களுள் ஒன்றாக இருந்தது. பங்குனி பிறந்ததும் அங்கு உருமாலும் சல்லடமும் தைக்கும் வேலை தொடங்கிவிடுவது வழக்கமாக இருந்தது. மண்டபத்தைப் புதுப்பித்துப் பாதுகாக்கும் பொருட்டு, 2020களின் தொடக்கத்தில் கடைகள் குன்னத்தூர் சத்திர வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டன. கொரோனாத் தொற்றினால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பொதுமக்கள் பங்கேற்பின்றி விழா கழிந்தது இத்தொழிலுக்குப் பேரிழப்பாயிற்று. அவ்விரண்டு சித்திரையிலும் வேடம் தைக்க ஆளில்லை. 2022 இல் மக்கள் மீண்டும் திரண்டபோது வைகையில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர்.

வீட்டில் தைப்பது இவர்களுடைய வேலையைப் பறிக்கும் என்று கருத வேண்டியதில்லை. வெல்வெட்டு வெட்டித் தருதல், மணி, சரிகை விற்றல், தைத்ததில் பிழை திருத்துதல் ஆகியவற்றுக்கு வீட்டில் தைப்போர் அவர்களிடமே செல்கின்றனர். முதன்முறை தைப்பவர் வெட்டும் வேலையை மட்டும் அவர்களிடம் கூலிக்குக் கொடுத்துவிட்டுத் தையலை வீட்டில் செய்வது சிறந்த நடுவழி. தவறாகத் தைத்ததைப் பிரிக்கலாம், தவறாக வெட்டியதை ஒன்றும் செய்ய முடியாது.

நேர்ந்துகொண்ட ஆண்டுகள் முடியும் வரை அதே உடையை அணிவோரும், ஆண்டுதோறும் புதிது செய்வோரும் உள்ளனர். மீண்டும் அணிவதாயின் சல்லடத்தை நல்ல தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி நிழலில் உலர்த்தி, வேப்பிலைச் சருகுடன் பருத்தித் துணியில் சுற்றி வைப்பர். சிறுவர்களுக்குத் தைக்கும்போது கால் விளிம்பில் நான்கு விரற்கடைத் துணியை உள்ளே மடித்துவிட்டால், மடிப்பை அவிழ்த்து மூன்று சித்திரைகளுக்குப் பயன்படுத்த முடியும்.